அட்டைப்பெட்டியில் செய்த கம்ப்யூட்டர்

மேசை மேல் ஒரு காலி அட்டைப்பெட்டி. அதன் மேல் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் 'லேசர் பிரிண்டர்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே மோட்டாரும் இல்லை, மையும் இல்லை. பக்கத்தில் ஒட்டுப்பலகையையும் காகிதத்தையும் வைத்து ஒப்பேற்றிய ஒரு 'கம்ப்யூட்டர்'. அதன் முன்னால் பல வருடம் பத்திரிகை அச்சகத்தில் உழைத்த தொழிலாளி ஒருவர் உட்கார்ந்து, நிஜமாகவே வேலை செய்வதுபோல பக்கம் கட்டிக்கொண்டிருக்கிறார். அருகில் கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் கவனமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பார்ப்பவர்களுக்கு சின்னப் பிள்ளைகளின் சொப்பு விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் இது நடந்தது 1980-களின் தொடக்கத்தில், ஸ்வீடனில், பல்கலைக்கழகங்களும் தொழிற்சங்கமும் சேர்ந்து நடத்திய ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில். இன்று 'இன்டராக்ஷன் டிசைன்' என்று பெரிய பெரிய கல்லூரிகளில் சொல்லித்தரும் பாடத்தின் வேர்களில் ஒன்று அந்த அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது.

மனிதனும் இயந்திரமும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கிற கலைதான் இன்டராக்ஷன் டிசைன். ஏ.டி.எம். இயந்திரத்தில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், ரயில் டிக்கெட் பதிவு செய்யும்போது எந்தக் கேள்வி முதலில் வர வேண்டும், இத்யாதி. இதையெல்லாம் யார் தீர்மானிக்க வேண்டும்? செய்பவரா, வாங்கும் முதலாளியா, தினமும் அதோடு மல்லுக்கட்டப் போகிறவரா? மூன்றாவது ஆளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் அழுத்தமாகச் சொன்னவர்களில் நார்வே, ஸ்வீடன், டென்மார்க் நாட்டுக்காரர்கள் முக்கியமானவர்கள். அவர்களை அப்படிச் சொல்ல வைத்தது வேலை பறிபோகிற பயம்.

பாடப்புத்தகத்தில் இல்லாத டெய்லர்

பி.காம். படிப்பவர்களுக்கு எஃப்.டபிள்யூ. டெய்லரைத் தெரியாமல் இருக்காது. 1911-ல் 'அறிவியல்முறை மேலாண்மையின் கோட்பாடுகள்' என்ற புத்தகத்தை எழுதியவர். ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரி, ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்டாப் வாட்ச் வைத்து நேரம் பார், சிறந்த முறை எது என்பதை நிர்வாகம் முடிவு செய்யட்டும், தொழிலாளி அதன்படி செய்யட்டும். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்விக்கு இது போதும்.

பாடப்புத்தகம் அவ்வளவாகப் பேசாத பகுதி ஒன்று உண்டு. இந்த முறையில், தொழிலாளியின் தலையில் இருந்த அறிவு மெல்ல மெல்ல நிர்வாகத்தின் மேசைக்குப் போய்விடுகிறது. 1974-ல் அமெரிக்கரான ஹாரி பிரேவர்மன் ஒரு புத்தகம் முழுக்க இதைத்தான் வாதாடினார். அவர் சும்மா எழுதியவர் இல்லை. செம்புக் கொல்லராகத் தொழில் பழகியவர்.

கம்ப்யூட்டர் ஆலைக்குள் வந்ததும் இந்தப் பிரச்னைக்கு வேகம் கூடியது. ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு நிற்கும் மேஸ்திரியைத் தொழிலாளி கண்ணால் பார்க்கலாம், சண்டை போடலாம். புரோகிராமுக்குள் எழுதிவைத்த கட்டளையோடு எப்படிச் சண்டை போடுவது? அது எங்கே இருக்கிறது என்றே தெரியாதே!

நைகார்டின் சங்கடம்

கதை நார்வேயில் தொடங்குகிறது. கிறிஸ்டன் நைகார்ட் 1926-ல் பிறந்தவர். நார்வே ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, 1960-ல் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்துக்கு வந்தார். அங்கே ஓலே-யோஹான் டால் என்பவரோடு சேர்ந்து சிமுலா என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார். 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்' என்று கம்ப்யூட்டர் படிப்பவர்கள் உருப்போடும் முறைக்கு ஆரம்பம் இதுதான். சி பிளஸ் பிளஸ் மொழிக்கு சிமுலா ஒரு தாய் மாதிரி. இதற்காக இருவருக்கும் 2001-ம் ஆண்டுக்கான டூரிங் பரிசு கிடைத்தது. அடுத்த வருடம், 2002-ல், சில வார இடைவெளியில் இருவருமே காலமானார்கள்.

சிமுலா எதற்காக உருவானது என்பதைக் கவனிக்க வேண்டும். நிஜ உலகில் நடப்பதைக் கம்ப்யூட்டருக்குள் மாதிரியாக ஓடவிட்டுப் பார்ப்பதற்கு. துறைமுகத்தில் கப்பல் எவ்வளவு நேரம் காத்திருக்கும், ஆலையில் எந்த இயந்திரத்தின் முன்னால் வேலை தேங்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிர்வாகங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் நைகார்டுக்கு உறுத்தியது. தான் செய்த கருவியை வைத்து யாரோ ஒருவர், வேறு யாரோ ஒருவரின் வேலை நாளை மாற்றி அமைக்கிறார். மாற்றப்படுகிறவருக்கு அதில் ஒரு வார்த்தை பேசக்கூட வழியில்லை.

இந்தச் சங்கடத்தை வேறு சிலராக இருந்தால் கட்டுரையாக எழுதிவிட்டு மறந்திருப்பார்கள். நைகார்ட் தொழிற்சங்கத்திடம் போனார்.

எது 'முடிவு'?

1970-களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு மற்றும் உலோகத் தொழிலாளர் சங்கமும் நார்வே கணினி மையமும் சேர்ந்து ஒரு திட்டம் ஆரம்பித்தன. அது 1973 வரை நடந்தது. நைகார்டோடு ஓலாவ் டெர்யே பெர்கோ என்பவர் முக்கியமான கூட்டாளி. பணம் அரசு ஆராய்ச்சிக் குழுவிடமிருந்து வந்தது. அதுவரை இப்படிப்பட்ட பணத்தில் நடந்த ஆராய்ச்சிகளின் பலன் பெரும்பாலும் நிர்வாகங்களுக்கே போய்க்கொண்டிருந்தது.

முதல் திட்டம் வழக்கமானதுதான். ஆராய்ச்சியாளர்கள் ஆலைகளுக்குப் போவார்கள். உற்பத்தியைத் திட்டமிடும் கம்ப்யூட்டர் முறைகளை ஆராய்வார்கள். தொழிலாளர்களிடம் பேட்டி எடுப்பார்கள். கடைசியில் ஒரு தடித்த அறிக்கை எழுதி சங்கத் தலைமையிடம் கொடுப்பார்கள். நம்மூர் புராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி. கறுப்பு அட்டை, தங்க எழுத்து, பைண்டிங்...

கொஞ்ச காலம் போனதும் ஒரு விஷயம் புரிந்தது. இந்த அறிக்கை வந்தாலும் எந்த ஆலையிலும் எதுவும் மாறப்போவதில்லை! நிபுணர்கள் எழுதியதை நிபுணர்கள்தான் படிப்பார்கள். உலைக்கு முன்னால் நிற்பவர் படித்தாலும், அதை வைத்து அவர் திங்கட்கிழமை காலை என்ன செய்ய முடியும்?

அங்கேதான் அவர்கள் திட்டத்தையே தலைகீழாகத் திருப்பினார்கள். இந்தத் திட்டத்தின் 'முடிவு' என்றால் என்ன என்பதற்குப் புதிய விளக்கம் எழுதினார்கள். ஆராய்ச்சியாளர் எழுதும் அறிக்கை முடிவு ஆகாது. இத்திட்டத்தின் காரணமாகச் சங்கமோ, ஆலையில் உள்ள அதன் கிளையோ என்ன நடவடிக்கை எடுக்கிறதோ அதுதான் முடிவு. நடவடிக்கை இல்லையென்றால் முடிவும் இல்லை.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி உலகில் இது சின்ன வெடிகுண்டு. ஆராய்ச்சியாளரின் வெற்றி தோல்வி அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. யாரைப் பற்றி ஆராய்ந்தாரோ அவர்கள் கைக்குப் போகிறது.

விளக்கம் மாறியதும் வேலையும் மாறியது. ஆலைகளில் தொழிலாளர்களே சேர்ந்த குழுக்கள் அமைந்தன. தங்கள் ஆலையில் என்ன பிரச்னை, எந்தக் கம்ப்யூட்டர் முறை யாரை எப்படிப் பாதிக்கிறது என்று அவர்களே கூடிப் பேசினார்கள். ஆராய்ச்சியாளர்கள் கேட்ட இடத்தில் உதவும் ஆசிரியர்கள் ஆனார்கள். சாதாரண உறுப்பினருக்குப் புரிகிற மாதிரி ஒரு பாடநூல் எழுதி, அதைச் சங்க வகுப்புகளில் பயன்படுத்தினார்கள். 'கம்ப்யூட்டரா, அது படித்தவன் சமாச்சாரம்' என்ற தயக்கம் உடைவதற்கு இதுவே முதல் படி.

காகிதத்தில் வந்த உரிமை

நடவடிக்கைதான் முடிவு என்றார்களே, நடவடிக்கை வந்ததா? வந்தது.

புதிய கம்ப்யூட்டர் முறை கொண்டுவரும் முன்னால் நிர்வாகம் தொழிலாளர்களிடம் சொல்ல வேண்டும், அதுவும் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்று ஆலை அளவில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 'டேட்டா ஒப்பந்தம்' என்று இவற்றுக்குப் பெயர். 1975-ல் நார்வேயின் தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் இதை நாடு முழுவதற்குமான ஒப்பந்தமாகச் செய்துகொண்டன. கம்ப்யூட்டர் விவகாரங்களைக் கவனிப்பதற்கென்றே தொழிலாளர்கள் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் வந்தது. 1977-ல் நிறைவேறிய நார்வே பணிச்சூழல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. வேலையைத் திட்டமிடவும் செய்யவும் பயன்படும் முறைகள் பற்றித் தொழிலாளர்களுக்குத் தகவல் தர வேண்டும், பயிற்சி தர வேண்டும், அவற்றை உருவாக்குவதில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்று சட்டமே சொன்னது.

அண்டை நாடுகளும் சும்மா இருக்கவில்லை. ஸ்வீடனில் 1976-ல் கூட்டு முடிவுச் சட்டம் வந்தது. அங்கே 'டெமோஸ்' என்றும், டென்மார்க்கில் 'டூயே' என்றும் இதே பாணியில் ஆராய்ச்சித் திட்டங்கள் நடந்தன.

இதில் ஒரு ஓட்டையும் தெரிந்தது. தொழிலாளர்களுக்குப் பேசும் உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் எதைப் பற்றிப் பேசுவது? கம்பெனிகள் ஏற்கெனவே செய்து, பெட்டியில் அடைத்து, விலைச்சீட்டு ஒட்டி அனுப்புகிற இயந்திரத்தைப் பற்றித்தான். 'வேண்டும்' எனலாம், 'வேண்டாம்' எனலாம், 'கொஞ்சம் மெதுவாகக் கொண்டுவாருங்கள்' எனலாம். ஹோட்டலில் உட்கார்ந்திருக்கும் உரிமை உண்டு, மெனு கார்டை எழுதும் உரிமை இல்லை என்பது மாதிரி. அடுத்த கேள்வி தானாக வந்தது. மெனுவை நாமே எழுதினால் என்ன?

ஈய எழுத்தின் கடைசி நாட்கள்

அந்தக் கேள்வியை முதலில் கையில் எடுத்தவர்கள் அச்சுத் தொழிலாளர்கள். காரணம், அவர்கள் வீட்டில்தான் அப்போது தீப்பிடித்திருந்தது.

1886-ல் லைனோடைப் இயந்திரம் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகைக்கு வந்தது. உருக்கிய ஈயக் கலவையில் வரி வரியாக எழுத்தை வார்த்துத் தரும் இயந்திரம். அதன்பிறகு கிட்டத்தட்ட 90 வருடம் பத்திரிகை என்றால் ஈயம்தான். கம்பாசிட்டர்கள் படித்தவர்கள், கைத்திறன் உள்ளவர்கள். எழுத்துகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாக வாசிப்பார்கள். எவ்வளவு இடம் விட்டால் கண்ணுக்கு இதம், எந்தத் தலைப்புக்கு எந்த எழுத்து என்பதெல்லாம் வருடக்கணக்காகக் கைக்குள் ஊறிய விஷயம். சம்பளமும் மரியாதையும் இருந்தன. சங்கமும் பலமாக இருந்தது.

பிறகு ஒளி அச்சுக்கோர்ப்பு வந்தது. கூடவே கம்ப்யூட்டர் வந்தது. நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலையில் ஈய எழுத்துக்கு விடை கொடுத்தது. லண்டன் டைம்ஸ், புதிய தொழில்நுட்பம் பற்றிய தகராறில், 1978 டிசம்பரிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் வெளிவரவே இல்லை. 1986-ல் லண்டனின் வாப்பிங் பகுதியில் ரூபர்ட் முர்டாக் புதிய அச்சகத்துக்கு மாறியபோது, வேலைநிறுத்தம் செய்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். ஒரு வருடம் தெருவில் நின்று போராடியும் பலன் இல்லை.

எதிர்த்தாலும் வேலை போகிறது. தலையாட்டினாலும் கைத்திறன் போகிறது. மூன்றாவதாக ஒரு வழி உண்டா?

உடோபியா

1981-ல் தொடங்கிய திட்டத்துக்கு 'உடோபியா' என்று பெயர். கனவு உலகம் என்ற பொருள் இருந்தாலும், ஸ்காண்டிநேவிய மொழியில் 'வேலையின் தரம் என்ற நோக்கில் பயிற்சி, தொழில்நுட்பம், பொருள்' என்பதன் சுருக்கம் அது. நார்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கம் ஒரு பக்கம். ஸ்டாக்ஹோமில் இருந்த பணி வாழ்க்கை ஆய்வு மையம், ஸ்டாக்ஹோம் ராயல் தொழில்நுட்பக் கல்லூரி, டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம். முக்கியமான ஆட்கள் பெல்லே ஏன் (ஆம், பெயரே அதுதான். கேள்வி கேட்பவருக்குப் பொருத்தமான பெயர்!), சூசன்னே போட்கர், மோர்டன் க்யூங், இங்வே சுண்ட்பிளாட். இவர்களோடு சமமாக உட்கார்ந்தவர்கள் அச்சுத் தொழிலாளர்கள்.

நோக்கம் எளிமையானது. தொழிலாளியின் திறமையை விழுங்காமல், அதைக் கூர்மையாக்குகிற கம்ப்யூட்டர் கருவியை நாமே வடிவமைப்போம். தச்சருக்கு உளி எப்படியோ அப்படி. உளி தச்சருக்கு உத்தரவு போடுவதில்லை. அது அவர் கையின் நீட்சி.

ஆனால் ஆரம்பம் சொதப்பல். கம்ப்யூட்டர் ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் போனார்கள். பேட்டி எடுத்தார்கள். அம்புக்குறியும் கட்டமுமாக வரைபடம் போட்டார்கள். தேவைப் பட்டியல் எழுதினார்கள். அச்சுத் தொழிலாளர்கள் அதைப் பார்த்தார்கள். ஒன்றும் புரியவில்லை. அவர்கள் தினமும் செய்யும் வேலைதான் அந்தத் தாளில் இருந்தது. ஆனால் அவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

தப்பு யார் பக்கம்? இங்கேதான் அந்தக் குழுவைப் பாராட்ட வேண்டும். 'இவர்களுக்குப் படிப்பு போதாது' என்று சொல்லவில்லை. முறையை மாற்றினார்கள். இரு தரப்பும் சேர்ந்தே அச்சகங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் கருவி விற்பவர்களிடமும் போனார்கள். ஒருவர் தொழிலை மற்றவர் கற்றுக்கொள்ள நிறைய நேரம் ஒதுக்கினார்கள். பத்திரிகை தயாரிப்பின் கட்டங்களைக் காட்டும் அட்டைகளைச் சுவரில் ஒட்டி, நகர்த்தி, 'இந்த வேலை இங்கே வந்தால் அடுத்தவர் என்ன செய்வார்?' என்று விளையாட்டாகவே யோசித்தார்கள்.

அட்டைப்பெட்டி வந்தது அப்போதுதான்.

பொய்க் கம்ப்யூட்டர் சொன்ன உண்மை

ஏன் அட்டை? முதல் காரணம் காசு. கிராஃபிக்ஸ் திரை உள்ள கம்ப்யூட்டர் அன்று தங்க விலை. அவர்களிடம் பெர்க் என்ற வொர்க்ஸ்டேஷன் இருந்தது. ஆனால் அதிலும் ஒவ்வொரு யோசனையையும் புரோகிராமாக எழுதிப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். அட்டையிலும் காகிதத்திலும் அரை நாள் போதும்.

இரண்டாவது காரணம் அதைவிட முக்கியம். புரோகிராமைத் திருத்த ஒருவருக்குத்தான் தெரியும். கத்தரிக்கோலும் பசையும் எல்லாருக்கும் தெரியும். அட்டைக் கம்ப்யூட்டரின் முன்னால் விஞ்ஞானியும் கம்பாசிட்டரும் சமம். 'இது சரியில்லை' என்று தொழிலாளி சொல்லும்போது, நிபுணர் 'அது டெக்னிக்கலாக முடியாது' என்று வாயை அடைக்க முடியாது. 'முடியுமா பார்ப்போம்' என்று இன்னொரு காகிதத்தை வெட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது, வேலையின் அறிவு வாயில் இருப்பதில்லை, கையில் இருக்கிறது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரிடம் 'எப்படி விழாமல் ஓட்டுகிறீர்கள்?' என்று கேட்டால் என்ன சொல்வார்? ஓட்டிக் காட்டுவார். தொழிலாளிக்குத் தெரிந்ததைப் பேட்டியில் பிடிக்க முடியாது. செய்துகாட்ட ஒரு மேடை வேண்டும். அந்த மேடைதான் அட்டைப்பெட்டி.

ஓர் உதாரணம். செய்தித்தாளின் பக்கம் பெரியது, அன்றைய திரை சின்னது. முழுப் பக்கத்தையும் திரையில் காட்டினால் எழுத்து படிக்க முடியாது. எழுத்து தெரியும்படி காட்டினால் பக்கம் தெரியாது. விஞ்ஞானிக்கு இது ரெசல்யூஷன் கணக்கு. பக்கம் கட்டுபவருக்கு இது வேறு மாதிரிப் பிரச்னை. அவர் கண் எப்போதும் முழுப் பக்கத்தின் சமநிலையிலும் ஒரு வரியின் நுணுக்கத்திலும் மாறி மாறி இருக்கும். ஒன்றை இழந்தால் அவர் வேலை போச்சு. முழுப் பக்கமும் வேண்டும், தேவையான மூலையைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் வேண்டும் என்பது, வேலை செய்பவரோடு சேர்ந்து செய்து பார்த்தபோது திடமானது. இன்று எந்த மென்பொருளிலும் 'ஜூம்' பண்ணும்போது யாரும் இதை யோசிப்பதில்லை.

'லேசர் பிரிண்டர்' என்று எழுதிய பெட்டிக்கும் ஒரு பின்கதை உண்டு. மேசை மேல் வைக்கக்கூடிய மலிவான லேசர் பிரிண்டர் அப்போது கடையில் கிடைக்காது. கிடைத்தால் வேலை எப்படி மாறும் என்று பார்க்கத்தான் அந்தக் காலிப் பெட்டி. பிறகு 1984, 85-ல் எச்.பி.யும் ஆப்பிளும் அதை நிஜமாகவே விற்கத் தொடங்கின.

கணக்குப் பார்த்தால்...

காமர்ஸ் மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. சரி, லாபமா நஷ்டமா?

உடோபியா குழு, ஸ்வீடன் அரசுக்குச் சொந்தமான லீபர் பதிப்பக நிறுவனத்தோடு சேர்ந்தது. லீபர் உருவாக்கிய 'டிப்ஸ்' என்ற எழுத்து-பட அமைப்பில் உடோபியாவின் யோசனைகள் சேர்ந்தன. ஸ்டாக்ஹோமின் ஆஃப்டன்பிளாடெட் பத்திரிகையில் சோதனை நடந்தது. அந்தப் பத்திரிகைக்கு அப்போது உரிமையாளரே ஸ்வீடன் தொழிற்சங்கக் கூட்டமைப்புதான். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

ஆனால் அங்கேயும் இடறியது. உடோபியாவில் அச்சுத் தொழிலாளர் சங்கம் இருந்தது, பத்திரிகையாளர் சங்கம் இல்லை. பக்கம் கட்டும் வேலை கம்ப்யூட்டருக்கு வந்ததும், அது யாருடைய வேலை என்ற எல்லைத் தகராறு இரு தரப்புக்கும் நடுவே எழுந்தது. 'பயன்படுத்துபவரைக் கேளுங்கள்' என்று உலகத்துக்குச் சொன்ன திட்டம், பயன்படுத்தப் போகிற இன்னொரு கூட்டத்தை வெளியே விட்டிருந்தது. தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே ஆள் இல்லை என்ற பாடம் அப்போது கிடைத்தது.

டிப்ஸ் சந்தையில் பெரிதாக வெல்லவில்லை. 1984-ல் மெக்கின்டாஷும் 1985-ல் பேஜ்மேக்கரும் வந்தன. டெஸ்க்டாப் பப்ளிஷிங் என்ற வெள்ளம் வந்து, உலகெங்கும் கம்பாசிட்டர் என்ற தொழிலையே அடித்துக்கொண்டு போனது. ஸ்காண்டிநேவியாவும் விதிவிலக்கு இல்லை. நம்மூர்த் தெருக்களில் டி.டி.பி. சென்டர்கள் முளைத்ததும் அதே வெள்ளத்தில்தான்.

பேலன்ஸ் ஷீட்டில் எழுதினால் உடோபியா நஷ்டம். ஆனால் நைகார்டின் விளக்கப்படி பார்த்தால் கணக்கு வேறு. நடவடிக்கைதானே முடிவு? தொழிற்சங்கம் ஒரு தொழில்நுட்பத்தை எதிர்ப்பதோடு நிற்காமல் வடிவமைக்கவும் முடியும் என்று செய்துகாட்டியாகிவிட்டது. அந்த முறை மற்றவர்கள் கைக்குப் போனது.

எங்கெல்லாம் போனது? நார்வேயில் 1983-ல் தொடங்கிய 'ஃப்ளோரன்ஸ்' திட்டத்தில் க்ரோ பியர்க்னெஸ், டோனே பிராட்டெட்டெய்க் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் மருத்துவமனை நர்சுகளோடு சேர்ந்து வேலை செய்தார்கள். பெயர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலிடமிருந்து. நர்சின் வேலையில் எதை டாக்டரும் நிர்வாகமும் வேலை என்றே எண்ணுவதில்லையோ, அதையும் கணக்கில் எடுப்பது அங்கே முக்கியமானது. 1988-ல் பெல்லே ஏன் தன் ஆய்வேட்டில் இத்தனை வருட அனுபவத்தையும் விட்கென்ஸ்டைன், ஹைடெகர் போன்ற தத்துவவாதிகளின் துணையோடு எழுதிவைத்தார். 1990-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 'பங்கேற்பு வடிவமைப்பு' என்ற பெயரில் முதல் மாநாடு கூடியது.

1998-ல் ஸ்வீடனின் மால்மோ நகரில் புதிய பல்கலைக்கழகம் தொடங்கியபோது, அதன் கலை மற்றும் தகவல்தொடர்புப் பள்ளியை உருவாக்கியவர்களில் பெல்லே ஏனும் ஒருவர். அது அமைந்தது ஒரு காலத்தில் கோக்கும்ஸ் கப்பல் கட்டும் தளம் இருந்த துறைமுகப் பகுதியில். கப்பல் தொழில் படுத்துவிட்டது. அதன் ராட்சத கிரேனை 2002-ல் தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் ஒரே ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டு போனது.

அந்த ஊரில் பழைய மாதிரி தொழிற்சங்கத்தை மட்டும் தேடிப் போக முடியாது. ஆய்வாளர்கள் ரோசன்கோர்டு என்ற புலம்பெயர்ந்தோர் பகுதியின் பெண்கள் சங்கத்தோடு வேலை செய்தார்கள். பல நாடுகளிலிருந்து வந்த பெண்கள். சமையல், தையல், பல மொழிகள் என்று திறமைக்குக் குறைவில்லை. ஸ்வீடன் வேலைச் சந்தையில் அதற்கு மதிப்புதான் இல்லை. அங்கே ஆய்வாளர்களின் முக்கிய வேலை புதிய சாப்ட்வேர் செய்வதாக இல்லை. அந்தப் பெண்களை நகராட்சியோடும் நிறுவனங்களோடும் சந்திக்க வைப்பது, சண்டை வந்தால் அதை மூடி மறைக்காமல் பேச வைப்பது. வடிவமைப்பு என்பதன் அர்த்தமே அவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது.

கடைசியாக...

இன்று 'பயனரை மையப்படுத்திய வடிவமைப்பு' என்று சொல்லாத கம்பெனி கிடையாது. ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, செயலியைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று வீடியோ எடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வீடியோவில் இருப்பவருக்கு 'இது வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உண்டா? உணவு கொண்டுவந்து தரும் பையனுக்கு எந்த ஆர்டர் போகும், எத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும், தாமதமானால் என்ன ஆகும் என்று அவன் போனில் உள்ள செயலி முடிவு செய்கிறது. டெய்லரின் ஸ்டாப் வாட்ச் இப்போது தொழிலாளியின் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கிறது. அதை வடிவமைத்த அறையில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார்களா?

நார்வேக்காரர்களுக்கு வலுவான சங்கமும் ஆதரவான அரசும் சட்டமும் இருந்தன. அவை எல்லா ஊரிலும் இல்லை. அதனால் அவர்கள் செய்ததை அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஆனால் அவர்கள் எழுதிய அந்த ஒரு விளக்கத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சமுதாயத்துக்காக என்று சொல்லி ஒரு ஆராய்ச்சியோ, ஒரு கல்லூரி புராஜெக்டோ ஆரம்பிக்கும்போது, முதல் பக்கத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்: இது முடிந்த பிறகு, யாரைப் பற்றி எழுதினோமோ அவர்கள் கையில் என்ன இருக்கும்?

பதில் 'ஒரு பிரதி அனுப்புவோம்' என்பதாக இருந்தால், பைண்டிங் பண்ணக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை யோசிப்பது நல்லது. ஒரு அட்டைப்பெட்டியும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு, அவர்களையும் கூப்பிட்டு, மறுபடி ஆரம்பிக்கலாம்.